குடை மச்சான் பார்த்துக்கொண்டே கை நனைத்த கதை

குடை மச்சான் நாடகத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், வசனத்தில் இல்லை என்பேன். வசனம் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொள்கிறாரே, அந்த நேரத்தில்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்ட பிறகு அவர் "சரி" என்று மட்டும்தான் சொல்வார். அதற்கே நமக்கு வயிறு வலிக்கும்.

அந்தத் தொடருக்கு டிவிக்காரர்கள் வைத்த பெயர் வேறு. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் வரும். ரிட்டையரான ஒரு ஹெட் கிளார்க், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். முதல் வாரத்தில் மனைவியின் தம்பி நனைந்த குடையோடு வந்து நிற்கிறான். மழை விட்டதும் போய்விடுகிறேன் மாமா என்கிறான். நான்கு வருஷம் போகவில்லை. கதை அவ்வளவுதான்.

இப்போது யாரோ புண்ணியவான் பழைய டேப்புகளைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டார். படம் கோடு கோடாக ஓடும், சில இடத்தில் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். அதனால் என்ன? கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷின் சூடாகிற நேரத்தில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஒரு எபிசோட் ஓட்டுவேன். மனுவுக்கு நகல் எடுக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்து ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்ததில் பாதி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் விட்டுப்போனது.

பட்டா நகலுக்கு வந்த திருவாமாத்தூர் அம்மா ஒருவர் அந்த வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "எங்க ஊட்டுக்காரரும் இப்பிடித்தாங்க. ரேஷன் கடை தராசு மாதிரி. மேல ஒண்ணும் வைக்காதப்பவே ஆடிக்கினு இருப்பாரு" என்றார். ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் மச்சானைப் பற்றிச் சொன்னது இன்னும் மேலே. "இவரு விருந்தாளி இல்லண்ணா, போஸ்டர். ஒட்னா ஒட்னதுதான். மழை பெஞ்சாக்கூட வராது." இப்படிப்பட்டதை எல்லாம் வீணாய்ப்போன பேப்பரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். நாடகத்தை எழுதியவரே இவ்வளவு நன்றாக எழுதவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பின்னாலிருந்து வருகிற அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு ஆகாது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "சிரிங்க, சிரிங்க" என்பாரே, அந்த மாதிரி. நாம் சிரிக்க வாயெடுப்பதற்கு முன்னாடியே அது சிரித்துவிடும், நமக்கு வரவேண்டியது உள்ளேயே நின்றுவிடும். கடைசியில் மச்சானுக்குக் கல்யாணம் பண்ணி வேறு வீட்டுக்கு அனுப்பியதும் பெரிய தப்பு. அதற்கப்புறம் ஓடியதெல்லாம் அடுப்பை அணைத்த பிறகு வருகிற ஆவிதான்.

ஊரே மச்சானைக் கொண்டாடும். என் ஓட்டு அவனுடைய அக்காவுக்கு, அதாவது அந்த வீட்டு மனைவிக்கு. அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். டம்ளரை மெதுவாக வைத்தால் சந்தோஷம். சாதக்கரண்டியை நங்கென்று வைத்தால் மச்சான் எழுந்து குடையைத் தேடுவான். நான்கு வருஷமும் பாத்திரத்தாலேயே பேசி நடித்தவர் அவர். அவர்தான் அதில் பெரிய ஆள் என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

இந்தக் கருத்துகளைக் கடையோடு வைத்திருந்தால் வம்பில்லை. திண்டிவனத்துக்குக் கொண்டுபோனேன்.

என் மகள் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அவளுக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஏசி மெக்கானிக், சொந்தமாகத் தொழில். அப்பா அரசு பஸ்சில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியின் அண்ணனும் போய் வீடு பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. இவர் நிஜ மச்சான், குடை இல்லாதவர்.

கிளம்பும்போது மகள் செருப்பு மாட்டுகிற இடத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, காபி குடி. பஜ்ஜி சாப்பிடு. சோறு மட்டும் சாப்பிடாத."

எங்கள் பக்கத்தில் வரன் பார்க்கப் போகிற வீட்டில் காபி, பலகாரம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். தட்டில் சோறு போட்டுப் பிசைந்து கை நனைத்துவிட்டால், எங்களுக்குச் சம்மதம் என்று சபையில் சொன்ன மாதிரி. அப்புறம் பின்வாங்கினால் பேச்சு வரும்.

"எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். ஆனா நீ பேச ஆரம்பிச்சா உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். "எனக்கு அவராண்ட கேக்கறதுக்கு இருக்குது. சாயங்கால ஷிப்டுக்கு என்னை இன்சார்ஜா போடப்போறாங்க. கல்யாணத்துக்கப்புறம் அது இன்னா ஆவும்னு கேக்கணும். நீ கை நனைச்சிட்டு வந்துட்டேன்னு வச்சிக்க, அப்புறம் நான் கேக்கறது கேள்வியா இருக்காது. தகராறா ஆயிடும்."

"சத்தியமா" என்று தலையில் கை வைத்துச் சொன்னேன். என் தலையில்தான்.

கண்டக்டர் வீடு நல்ல வீடு. காற்றோட்டம் இருக்கிறது, மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பையன் தலை குனியாமல் வணக்கம் சொன்னான். என் மச்சான் குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். காபி வந்தது, பஜ்ஜி வந்தது. பையனுக்கு ஏதோ அவசர வேலை என்று போன் வர, மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியில் கிளம்பினான். நானும் கிளம்பியிருக்க வேண்டும்.

ஓரமாக டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். திரையில் கோடு கோடாக ஒரு கூடம். ஆணியில் ஒரு குடை.

"சார் இது பாப்பீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, சின்னப் பிள்ளைக் குரல்.

"பாக்கறதா? முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழிச்சேன் சார். இந்த நாடகம் வர்ற அன்னிக்கி மட்டும் ஷிப்ட் மாத்தி வாங்கிப்பேன்."

அவ்வளவுதான். வீடு பார்க்க வந்தது மறந்துபோனது. அவருக்கும் கண்ணாடி துடைக்கிறது பிடிக்கும், அவருக்கும் அந்தச் சிரிப்புச் சத்தம் பிடிக்காது. "ஃபுட்போர்டுல நிக்கறவன் சும்மா ரைட் ரைட்னு கத்துவான் பாருங்க, விசில் நம்ம கையில இருக்கும்போது, அதே பேஜாரு சார்" என்றார். அதையும் எழுதி வைக்கப் பேப்பரைத் தேடினேன்.

ஒரே ஒரு இடத்தில் இடித்தது. ஒரு எபிசோடில் குடை மச்சானுக்கு வேலைக்கு ஆர்டர் வரும். வேலை கிடைத்தால் வீட்டை விட்டுப் போகவேண்டுமே என்று அவன் கடிதத்தை அரிசி டப்பாவில் புதைத்துவிடுவான். மறுநாள் அக்கா வந்து டப்பாவில் கைவிட்டு அரிசி எடுப்பார், உலை வைப்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அக்காவுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்பதுதான் கேள்வி.

"தெரிஞ்சிடுச்சி சார்" என்றேன். "கை உள்ள போனதும் ஒரு நிமிஷம் நிக்கும் பாருங்க. கடுதாசி தட்டுப்பட்டிருக்கு. தம்பி போவ வேணாம்னு அப்பிடியே உட்டுட்டாங்க."

"அது நின்னது இல்ல சார். மாசக் கடைசி. டப்பாவுல அரிசி கம்மி, கை அடியில தேடுது."

"தேடற கை அப்பிடி இருக்காது."

"போட்டே பாத்துடலாம்" என்று ரிமோட்டை எடுத்தார்.

இந்த நேரத்தில் என் மச்சானுக்குப் போன் வந்தது. உள்ளே சிக்னல் இல்லை என்று தெருவுக்குப் போனார். என்னைத் தடுக்க அங்கே இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த இடத்தை ஆறு தடவை ஓட்டினோம். மூன்றாவது தடவை ஓட்டும்போது கண்டக்டர் வீட்டம்மா ஏதோ கேட்டார், நான் தலையாட்டினேன். தட்டு எப்போது மடிக்கு முன்னால் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முருங்கைக்காய் சாம்பார் என்று ஞாபகம். உருளைக்கிழங்கு வறுவல் கருகும் பதத்தில், எனக்குப் பிடித்த மாதிரி. "இதோ, இங்க, இங்க நிக்குது பாருங்க" என்று இடது கையால் டிவியைக் காட்டிக்கொண்டே வலது கையால் ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"மாப்ள" என்றார் என் மச்சான்.

"இன்னா மச்சான், இந்தக் காட்சிய நீங்களே பாத்து சொல்லுங்க."

"டிவிய உடு. உன் கையப் பாரு."

பார்த்தேன். மணிக்கட்டுவரை ரசம்.

அதுவரை சார் சார் என்றிருந்த கண்டக்டர் உள்பக்கம் திரும்பி, "சம்பந்திக்கு மோர் எடுத்தாம்மா" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, இல்லைங்க, தப்பாக நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோரையும் வாங்கிக் குடித்தேன். என் மச்சான் கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்சில் விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் திட்டினார்.

"நீங்களும்தான சாப்பிட்டீங்க?" என்றேன்.

"மானம் போயாச்சி. வயிறாவது நெறையட்டும்னு உக்காந்தேன்."

நாங்கள் வீடு சேர்வதற்கு முன்னாலேயே சேதி சேர்ந்துவிட்டது. கண்டக்டர் வீட்டம்மா என் மனைவிக்குப் போன் பண்ணி, சம்பந்தி நன்றாகச் சாப்பிட்டார், ரசம் இரண்டு தடவை வாங்கினார், அரிசி டப்பா காட்சியை ஆறு தடவை ஓட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறார். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று தயாராக வந்திருந்தேன். கத்தவில்லை.

"தெரிஞ்சிடுச்சா அந்த அம்மாவுக்கு?" என்றாள்.

"எந்தம்மாவுக்கு?"

"அரிசி டப்பா அம்மாவுக்கு. ஆறு வாட்டி ஓட்டிப் பாத்தீங்களாமே. அவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த ஊட்டுலயும் யாருக்கும் தோணல. பாத்துக்கினு இருந்த உங்க ரெண்டு பேருக்கும் தோணல. எந்த எபிசோடுலயாவது அந்த அம்மாவ யாராச்சும் எதையாவது கேட்டிருக்காங்களாப்பா?"

எனக்கு உடனே ஒரு பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. நிறைய எபிசோட்கள் நினைவில் ஓடின. ஒன்றும் அகப்படவில்லை.

"இப்ப நான் சாயங்கால ஷிப்ட பத்திக் கேட்டா, உங்க அப்பா கை நனைச்சப்ப இதெல்லாம் சொல்லலியேம்பாங்க. வேணாம்னு சொன்னா திமிரு புடிச்சவம்பாங்க. நீ சாப்பிட்டது சோறு இல்லப்பா, என் வாய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். என் மனைவி அடுப்படியில் எந்தப் பாத்திரத்தையும் சத்தமாக வைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த வாரம் கடையில் நாடகத்தை வேறு மாதிரி பார்த்தேன். அக்காவிடம் யாராவது கேள்வி கேட்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன். கேட்கிறார்கள். காபி ஆச்சா, என் கண்ணாடி எங்கே, சட்டையில் பட்டன் இல்லையே, இன்றைக்கும் கத்தரிக்காயா. அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற வசனம் ஒன்றுகூட வரவில்லை. மச்சான் இருக்கட்டுமா, போகட்டுமா என்பதைக்கூட வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் யோசனை கேட்கிறார். சிரிப்பு வராமல் போகவில்லை. கண்ணாடி துடைத்தால் இப்போதும் சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் சிரித்துவிட்டு, ஓரத்தில் நிற்கிற அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால், நான் இத்தனை வருஷம் பெரிய நடிப்பு என்று கொண்டாடியது வேறு ஏதோ என்று பட்டது. பேசவிட்டால் பேசியிருப்பார். பேசவிடாததால் பாத்திரம் பேசியது.

பட்டா நகலுக்கு வந்த அந்தத் திருவாமாத்தூர் அம்மா மறுபடி வந்தபோது, "உங்க ஊட்டுக்காரரு தராசுன்னீங்களே, உங்கள எதுனா கேப்பாரா?" என்று விசாரித்தேன். "கேப்பாரே. 'இன்னா மொறைக்கிற'ன்னு கேப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு தனியாகத் திண்டிவனம் போனேன். மச்சான் கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர், "சார் எதுனா சொன்னீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க!" என்றார் கண்டக்டர். பனியனோடு எழுந்து வந்தார். "அந்தக் கடுதாசி எபிசோட திரும்பப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. கை நிக்குது."

"டிவிய கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். பஸ்சில் தயார் பண்ணியதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. இருந்ததைச் சொன்னேன். "அன்னிக்கி நான் கை நனைச்சது என் தப்பு. எம்பொண்ணு வேணாம்னு சொல்லித்தான் அனுப்பிச்சா. அவளுக்கு உங்க புள்ளையாண்ட பேசணும். பேசின பெறகு அவ சரின்னா சரி, இல்லன்னா இல்ல. நான் சாப்பிட்டத அவ பதிலா எடுத்துக்காதீங்க."

அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "விக்கிரவாண்டியில என் தங்கச்சிக்குச் சொல்லிட்டேன்" என்றார். "பெரியவங்க நாலு பேருக்குச் சொல்லிட்டேன். கை நனைச்சிட்டுப் போனவங்க எட்டாம் நாள் வந்து இப்பிடிச் சொன்னா, நான் வெளியில எப்பிடித் தலை காட்டறது? நான் உங்கள நம்பித்தான சம்பந்தின்னு கூப்பிட்டேன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"சோறு போட்டது நானு" என்றார் அவர் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் நின்று. "மணி ஒன்னரை ஆச்சி, மனுசன் டிவிய பாத்துக்கினே பஜ்ஜித் தட்ட துழாவிக்கினு இருந்தாரு. பசின்னு போட்டேன். சம்மதமான்னு கேட்டா போட்டேன்? உன் தங்கச்சிக்கு யாரு அவ்ளோ ஜல்தியா போன் பண்ணச் சொன்னது?"

"நான் பண்ணாம யாரு பண்றது?"

"பண்ணினல்ல, இப்ப திரும்பப் பண்ணு. பொண்ணு பேசணும்ங்குதாம், பேசிட்டு சொல்றோம்னு சொல்லு. வாய் இருக்குதுல்ல?"

இந்த நேரத்தில் பையன் உள் அறையிலிருந்து வந்தான். வேலைக்குக் கிளம்பிய கோலம், தோளில் டூல்ஸ் பை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான் போல.

"எனக்கும் அவங்களாண்ட கேக்க வேண்டியது இருக்குதுங்க" என்றான் என்னைப் பார்த்து. அப்புறம் அப்பாவைப் பார்த்து, "என்னையும் யாரும் கேக்கலப்பா. சாயங்காலம் வந்து பாத்தா கல்யாணம் முடிவாயிடுச்சின்னீங்க" என்றான்.

கண்டக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓடுகிற பஸ்சில் எல்லோரும் ஒரே நேரத்தில் சில்லறை கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அன்றைக்கு எனக்குக் காபி மட்டும்தான் தந்தார்கள். நல்ல காபி.

பையனும் என் மகளும் விக்கிரவாண்டியில் ஒரு ரோட்டோர ஓட்டலில் சந்தித்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று அவளே சொன்ன இடம். நானோ என் மச்சானோ அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது என்று உத்தரவு. முதல் தடவை போய்விட்டு வந்து, "டீ நல்லா இல்ல" என்று மட்டும் சொன்னாள். இரண்டாம் தடவை கொஞ்சம் கூடுதலாக, அதுவும் அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். சாயங்கால ஷிப்டில் அவனுக்குப் பிரச்சினை இல்லை, அவனுக்கே சாயங்காலத்தில்தான் வேலை அதிகம். ஆனால் திண்டிவனத்தை விட்டு வரமாட்டானாம், தொழில் அங்கே இருக்கிறது. போக வர பஸ் பயணம் அவள் தலையில். அது ஒத்து வருமா என்று யோசிக்கவேண்டும். பத்து நாள் கேட்டிருக்கிறாள்.

அந்தப் பத்து நாள் எனக்கு எப்படிப் போனது என்று என் கடை மிஷினைக் கேட்டால் தெரியும். தலைகீழாக எத்தனை மனுக்களை நகல் எடுத்தேனோ. வீட்டில் வாயைத் திறப்பேன், என் மனைவி பார்ப்பாள், தண்ணீர் குடித்துவிட்டு மூடிக்கொள்வேன். இடையில் இரண்டு நாள், சாயங்காலம் வேலை முடிந்ததும் மகள் திண்டிவனம் வரைக்கும் பஸ்சில் போய், பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்சில் திரும்பி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் ஆகிறது, உட்கார இடம் கிடைக்கிறதா என்று பார்க்கப் போனாளாம். மாப்பிள்ளையைவிடப் பஸ்சை நன்றாகப் பரிசோதித்தவள் இந்த மாவட்டத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளுக்கு லீவு. நான் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தேன், ஒரு எழுத்து படிக்கவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. பையனுக்கோ, அவன் அப்பாவுக்கோ அவள் போடவில்லை. அவன் அம்மாவுக்குப் போட்டாள்.

"நான்தாங்க பேசறேன்... ஆமாங்க, யோசிச்சிட்டேன். எனக்குச் சம்மதம்... இல்லைங்க, அப்பா சொல்லச் சொல்லல. நானே சொல்றேன்... ஆங், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். வாரத்துல நாலு நாள் நான் வர்றதுக்கு லேட்டாவும். அது உங்களுக்கு எப்பிடி?"

அப்புறம் வெகு நேரம் அந்தப் பக்கம்தான் பேசினார்கள். இவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். என்ன பதில் வருகிறது என்று தெரியவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள் என் மனைவி. "அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்."

உட்கார்ந்தேன்.